அடைமழையிலும் அணையாத லாகர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களில் கரண்ட் போனது, செல்பேசித் தொடர்பும் அறுந்தது. எந்த நாளுக்காக மழைமானியை நட்டு வைக்கிறோமோ, அந்த நாளில்தான் அதற்கு மின்சாரமும் கிடைக்காது, சேதி அனுப்ப வழியும் இருக்காது. வயலிலும் அணைக்கரையிலும் மலைச்சரிவிலும் ஆளில்லாமல் நிற்கும் கருவிகளுக்கு ஒயர் இழுப்பவர்கள் அந்த ஒரு நாளை மனதில் வைத்தே ஒவ்வொரு திருகையும் முடுக்க வேண்டும்.

தானியங்கி மழைமானிக்குள் சீசா பலகை மாதிரி இரண்டு சிறு கிண்ணங்கள் உண்டு. வகையைப் பொறுத்து 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை அவை சாயும். சாயும்போது ஒரு காந்தம் சிறிய சுவிட்ச் ஒன்றைக் கடந்து போகும், சுவிட்ச் கணநேரம் மூடித் திறக்கும். காயல்பட்டினத்து மழையை 0.5 மில்லிமீட்டர் கிண்ணத்தில் பிடித்திருந்தால் சுமார் 1,900 முறை சாய்ந்திருக்கும். இதற்கு மழைமானி செலவழிக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்தத் துடிப்புகளை எண்ணி, நேரம் குறித்து, நினைவகத்தில் எழுதிவைப்பது டேட்டா லாகர். அதற்கும் அகோரப் பசி கிடையாது. நல்ல லாகர் வேலையில்லாத நேரத்தில் ஒரு மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும்.

பேட்டரியைத் தின்பது, தரவை அனுப்பும் மோடம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று இருக்கிறது. அதைப் பாதிக்கு மேல் காலிசெய்தால் ஆயுள் குறையும் என்பதால், கைக்கு வருவது 3,500 மில்லிஆம்பியர்-மணிதான். லாகருக்கு நாளொன்றுக்கு 24 போகும். மோடம் இரவும் பகலும் விழித்திருந்து சராசரியாக 30 மில்லிஆம்பியர் எடுத்தால் அதற்கு மட்டும் 720. வெயிலே இல்லாவிட்டால் ஐந்து நாள்கூடத் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து ஒரு வாரம் வானம் மூடியிருப்பது நமக்குப் புதிதா என்ன? அதே மோடத்தை மணிக்கு இரண்டே நிமிடம் எழுப்பி, 100 மில்லிஆம்பியரில் சேதியை அனுப்பிவிட்டு மறுபடி மின்சாரத்தை நிறுத்தினால் நாளொன்றுக்கு 80 போதும். அதே பேட்டரி ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். பெரிய சோலார் தகடு வாங்கும் முன்பு இந்தக் கணக்கைப் போடுவது நல்லது.

தகட்டை பேட்டரியில் நேரடியாகக் கோக்கக் கூடாது. ‘12 வோல்ட்’ என்று விற்கப்படும் தகடு, சுமை இல்லாமல் வெயிலில் கிடந்தால் 21 வோல்ட் வரை காட்டும். இடையில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். அதில் முதலில் பேட்டரியை இணைத்துவிட்டுத்தான் தகட்டை இணைக்க வேண்டும். பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட் அமைப்பா, 24 வோல்ட் அமைப்பா என்று தெரிந்துகொள்கின்றன. கழற்றும்போது தகட்டை முதலில் கழற்ற வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்பு எர்த்: மண்ணில் அடித்த செம்புக் கம்பியோடு லாகரை இணைத்த பிறகுதான் மற்ற ஒயர்கள்.

களத்தில் கருவி கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் அற்பக் காரணங்களே போதும். ஒயர் நுனியிலிருந்து பிரிந்த ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மெல்லிய ஒயரில் 10 மீட்டர் தள்ளி மோடத்தை வைத்திருப்பார்கள். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போய்த் திரும்ப 20 மீட்டர் என்றால் மின்தடை ஏறக்குறைய 0.7 ஓம். மோடம் அனுப்பும் கணத்தில் ஓர் ஆம்பியர் பாய்ந்தால் 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். வெயில் நாளில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பேட்டரி இறங்கிய மழைநாளில் மோடம் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் அணைந்து அணைந்து எழும். பெட்டிக்குள் நுழையும் கேபிளை நுழைவாயிலுக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினால், வழிந்துவரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். நுழைவாயிலை அடைக்காவிட்டால் எறும்பு குடியேறும்.

லாகரையும் மோடத்தையும் ஆர்எஸ்-232 என்ற இணைப்பு முறை வழியாகப் பேசவைக்க மூன்று ஒயர் போதும். ஒன்றின் அனுப்பும் முனை மற்றதன் பெறும் முனைக்குப் போக வேண்டும், கிரவுண்ட் பொதுவாக இருக்க வேண்டும், வேகம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். தூரம் கூடினால் ஆர்எஸ்-485. முறுக்கிய இரட்டை ஒயரில் அது 1,200 மீட்டர் வரை போகும்.

செல்பேசிக் கோபுரமே விழுந்துவிட்டால்? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பல நிலையங்கள் இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் வழியே தரவை அனுப்புகின்றன. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு, 402 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் சிறு ஆன்டெனாவே போதும். அந்த அலையை மழை அவ்வளவாகத் தடுக்காது என்பது நமக்குப் பெரிய வரம். ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்து, தனக்கு ஒதுக்கிய நொடிகளில் மட்டும் நிலையம் பேசும். ஆனால் இது ஒருவழிப் பாதை. போய்ச் சேர்ந்ததா என்பது நிலையத்துக்குத் தெரியாது.

ஆகவே, அனுப்புவது தோற்றாலும் எழுதுவது நிற்கக் கூடாது. 15 நிமிடத்துக்கு ஒரு வரி, வரிக்கு 40 பைட் என்றால் நாளொன்றுக்கு 4 கிலோபைட்கூட ஆகாது. 4 மெகாபைட் நினைவகத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டுத் தரவு அடங்கும். வெள்ளம் வடிந்து, தொடர்பு திரும்பியதும் விடுபட்ட வரிகளை அனுப்பும்படியோ, நேரில் போய் எடுத்துக்கொள்ளும்படியோ நிரல் எழுதலாம். சிம் கார்டு இயங்காததால் மழைப் பதிவே இல்லாமல் போனது என்றால், அது வடிவமைப்பின் குற்றம்.

மழை அளவோடு பேட்டரியின் வோல்டேஜையும் ஒரு பத்தியாக அனுப்பச் சொல்லுங்கள். பகலில் ஏற வேண்டிய வோல்டேஜ் ஏறாவிட்டால் தகட்டில் தூசியோ பறவை எச்சமோ படிந்திருக்கும், அல்லது மரக்கிளை நிழல் விழுகிறது. பகலில் நன்றாக ஏறி, இரவில் 11.5 வோல்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி கிழடாகிவிட்டது. அதை மாற்ற வேண்டியது அக்டோபரில் மழை தொடங்கும் முன்பு.