தமிழுக்கு மட்டும் ஏன் கூடுதல் கட்டணம்?

“தமிழை இப்போதைக்கு எடுத்துவிட்டோம்.”

ஈப்போவில் ஒரு தங்குவிடுதி மண்டபத்தில் நடைபெற்ற மென்பொருள் வணிக மாநாட்டில் இந்த வார்த்தைகளைக் கேட்டேன். பேசியவர் ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கிளினிக்குகளுக்காக ஓர் உரையாடல் செயலியை உருவாக்கியிருக்கிறார். எத்தனை மணிக்கு வர வேண்டும், இரத்தப் பரிசோதனைக்கு முன் சாப்பிடலாமா, மாத்திரையை எப்போது போடுவது என்று நோயாளிகள் வாட்ஸ்அப்பில் கேட்டால் அது பதில் அனுப்பும். நான்கு மொழிகளில் தொடங்கிய செயலி இப்போது மலாய், ஆங்கிலம், சீனம் ஆகிய மூன்றில் மட்டுமே இயங்குகிறது. காரணம் செலவு என்று சொல்லித் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். தமிழின் பட்டை மற்ற மூன்றையும் தாண்டி உயர்ந்து நின்றது.

மண்டபத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான். சுங்கை சிப்புட்டில் என் பாட்டி, கிளினிக்கிலிருந்து வரும் மலாய்க் குறுஞ்செய்தியை யாராவது படித்துச் சொல்லும்வரை கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது மட்டும் நினைவுக்கு வந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழ் நாளிதழை ஒரு வரி விடாமல் வாசிப்பவர்.

கணினித்துறை மாணவர்கள்கூட அதிகம் யோசிக்காத ஒன்று இந்தத் தொழிலின் கணக்கு. பழைய வகை மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் ஆயிரம் பேருக்கு விற்கலாம்; ஆயிரத்தோராவது பிரதிக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி அப்படியல்ல. சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு பெரிய நிறுவனத்தின் மொழி மாதிரியை வாடகைக்கு எடுத்துத்தான் செயலி செய்கின்றன. வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் டாக்சி மீட்டர் போல் கட்டணம் ஓடுகிறது. முன்பு பேசியது நினைவிருக்க வேண்டுமானால் பழைய உரையாடலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதற்கும் மீட்டர் ஓடும்.

அந்த மீட்டர் எண்ணுவது டோக்கன்களை. கிளினிக்கில் எடுக்கும் எண் சீட்டு அல்ல; இயந்திரம் எழுத்தை வெட்டிப் பார்க்கும் துண்டு. ‘தமிழ்’ என்பதில் நமக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கணினி சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், மொத்தம் 15. ஆங்கிலத்தில் இதே பெயருக்கு 5 பைட் போதும். அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகளை ஒன்றாக ஒட்டி ஒரே துண்டாக்குவதுதான் டோக்கன் முறை. எந்த மொழியில் அதிகம் படிக்கக் கொடுத்தார்களோ அந்த மொழியின் சொற்கள் முழுத் துண்டுகளாகிவிடும். குறைவாகக் கொடுத்த மொழி பொடிப்பொடியாக நிற்கும்.

தேநீர் இடைவேளையில் கைப்பேசியில் தேடினேன். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதத்தில் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிமுகப்படுத்தியபோது, ஒரே செய்தியைப் பல மொழிகளில் கொடுத்து டோக்கன் கணக்கை வெளியிட்டிருந்தது. பழைய முறையில் அந்தச் செய்தி ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. கரிப் பாப் (சூடாக இருந்தது) கையிலேயே நின்றுவிட்டது. நான்கு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி ஒன்றரை மடங்காகச் சுருங்கியிருக்கிறது. இடையில் தமிழ் இலக்கணம் மாறவில்லை. வெட்டும் முறையைத்தான் மாற்றினார்கள். தமிழ் ‘கனமான மொழி’ என்பதால் வந்த செலவல்ல அது. எங்கோ ஒரு பொறியாளர் எடுத்த முடிவின் செலவு.

யோசித்துப் பார்த்தால் கணினியில் தமிழ் எதுவுமே தானாக வந்துவிடவில்லை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்ய 2005-இல் செல்லினம் வந்தது. தமிழ் இணைய மாநாடு 2001-லும் 2013-லும் கோலாலம்பூரிலேயே கூடியிருக்கிறது. விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் அன்று உழைத்தவர்கள் இருந்ததால்தான் இன்று நாம் யோசிக்காமல் தட்டுகிறோம்.

இடைவேளை முடிவதற்குள் அந்த உரிமையாளரைத் தேடிப் போனேன். மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினேன். அவர் தமிழர் அல்லர். எண்களைக் காட்டியதும் சற்று நேரம் பார்த்தார். தம் வரைபடம் பழைய மாதிரியை வைத்துப் போட்டது என்று ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார்: “விலை ஒரு காரணம்தான். தமிழில் அது சொல்லும் பதில் சரியா தவறா என்று பார்க்க எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. தவறான பதிலால் நோயாளிக்கு ஏதாவது ஆனால்?”

நியாயமான பயம். மேடையில் சொல்லச் சுலபமாக இருந்தது விலை. சரிபார்க்க ஆளில்லை என்பதை ஈப்போவில், புந்தோங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு சொல்வது கடினம்தான். பார்த்துத் தருகிறேன் என்றேன். மறுநாள் நாற்பது பதில்களை அனுப்பிவிட்டார்.

எனக்கு முதலில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. எழுத்துப்பிழை இல்லை, இலக்கணம் சரி. தேர்வுத் தாளாக இருந்தால் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு ‘விரதம் இருந்து வரவும்’ என்றிருந்தது. “விரதம்னா பால் பழம் சாப்பிடலாமேம்மா,” என்றார் பாட்டி. “வெள்ளிக்கிழமை அப்படித்தானே இருக்கேன்?” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போனால் இரத்தத்தில் சர்க்கரை அளவு ஏறித்தான் காட்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இயந்திரம் தவறான பக்கத்தை எடுத்துக்கொண்டது. ‘வெறும் வயிற்றோடு வரவும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம்’ என்று மாற்றினோம். ‘காலைச் சிற்றுண்டிக்குப் பின்’ என்பதற்கு “பசியாறினதுக்கு அப்புறம்னு போடு, எல்லாருக்கும் புரியும்” என்றார். பசியாறுதல் நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இணையத்தில் குவிந்து கிடக்கும் தமிழில் அது எத்தனை முறை வந்திருக்கும்?

அன்றிரவு வேறொரு செயலியிடம் ‘ஒட்டுப்பால்’ என்றால் என்ன என்று கேட்டேன். ஏதோ கெட்டியான பால் உணவு என்று தயக்கமே இல்லாமல் விளக்கியது. வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை உரித்தெடுத்துக் கூடையில் போட்டவர் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பெரட்டு, மங்கு, டிரசர் என்று அவர் வாயில் வரும் பாதிச் சொற்களுக்கு இதே கதிதான். அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி.

டோக்கன் கணக்கைப் பாட்டிக்கு விளக்க முயன்றபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். “பால் ஸ்டோர் மாதிரிதானே? நாம எவ்வளவு சுமந்துட்டு வந்தாலும், தண்ணி எவ்வளவு, ரப்பர் எவ்வளவுன்னு அவங்க அளந்து சொல்றதுதான் கணக்கு.” முப்பது ஆண்டுகள் வரிசையில் நின்றவர். அளக்கும் கருவியை ஒருநாளும் அவர் கையில் கொடுத்ததில்லையாம்.

நாற்பதில் பதினேழைத் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி அனுப்பினேன். செயலியில் தமிழை மீண்டும் சேர்ப்பதாக உரிமையாளர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று மேலும் அறுபது பதில்கள் வந்திருக்கின்றன. பாட்டி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.