வெட்டவெளியில் ஒரு சுருதி

2008-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகரில் டிரம் கோர் இறுதிப் போட்டி நடந்தது. ஃபாண்டம் ரெஜிமெண்ட் குழுவுக்கு 98.125 மதிப்பெண். புளூ டெவில்ஸ் குழுவுக்கு 98.100. வெறும் 0.025 வித்தியாசத்தில் கோப்பை கைமாறியது. அந்த இரவைப் பற்றி ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர் சங்கங்கள் முரசும் பியூகிள் என்ற ஊதுகொம்பும் வைத்து அணிவகுப்புக் குழுக்களை நடத்தின. டிரம் கோர் அங்கிருந்து கிளைத்த கலை. இதில் குழலோ கிளாரினெட்டோ கிடையாது. பித்தளை வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், முன்வரிசையில் சிந்தசைசர், கொடி சுழற்றும் நடனக் குழு, அவ்வளவுதான். வாசிப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். 1972 முதல் டிரம் கோர் இண்டர்நேஷனல் என்ற அமைப்பு ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் சாம்பியன் போட்டியை நடத்துகிறது. 100 மதிப்பெண்ணில் 40 ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு, 30 காட்சிக்கு, 30 இசைக்கு.

எந்தக் குழுவின் பித்தளை ஒலி சிறந்தது என்பதுதான் ரசிகர்களின் ஓயாத கேள்வி. கேட்டவுடன் நெஞ்சை அதிரவைக்கும் அந்த ஒலிக்குக் காரணம் ஆள்பலம் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் வாசிப்பதைவிட 80 பேர் வாசிப்பது சுமார் 19 டெசிபல் உயர்வு. ஆனால் அந்த 80 பேரில் 10 பேரை நிறுத்திவிட்டாலும் குறைவது அரை டெசிபலுக்குச் சற்று மேல்தான். காதுக்கு அது தெரிவதே அரிது. ஆக, இரண்டு நல்ல குழுக்களுக்கிடையே வித்தியாசம் தலைக்கணக்கில் இல்லை. 80 பேரின் ஒலி எவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகிறது என்பதில் இருக்கிறது.

முதல் சிக்கல் நேரம். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் முன் கோட்டிலிருந்து பின் கோடு வரை ஏறத்தாழ 49 மீட்டர். ஒலி அதைக் கடக்க 0.14 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 180 தாள அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 0.33 விநாடி. எல்லோரும் ஒரே கணத்தில் வாசித்தால், பின்வரிசையின் ஒலி கேலரிக்கு அரை அடி அளவுக்குப் பிந்தி வந்து சேரும். தேர்த் திருவிழாவில் தெருக்கோடியில் நின்று பார்க்கும்போது, தவில்காரரின் கை இறங்கிய பிறகு சத்தம் வருமே, அதே கதைதான்.

இதற்கு டிரம் கோர் கண்டுபிடித்த வழி அழகானது: பின்னால் இருந்து வரும் ஒலியைக் கேட்டு வாசிப்பது. பின்னால் நிற்கும் முரசு வரிசைதான் காலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் ஒலி முன்னோக்கி நகர்ந்து ஒவ்வொரு வரிசையையும் தொடும் கணத்தில் அந்த வரிசை தன் சுரத்தைச் சேர்க்கும். மைதானத்தின் முன் விளிம்பில் இருக்கும் மாரிம்பாக்காரர் கடைசியாகச் சேர்வார். மைதானத்தில் வாசிப்பவர்கள் வெவ்வேறு கணங்களில் வாசிக்கிறார்கள். கேலரியில் இருப்பவருக்கு எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. மேடையில் நின்று கையசைக்கும் டிரம் மேஜர் காதை நம்பக் கூடாது. பின்னாலிருந்து வரும் தாமதமான ஒலிக்குக் கையை அசைத்தால் வேகம் இழுபட்டுக்கொண்டே போகும். அதனால் பலர் முரசு வரிசையின் நடுவில் நிற்கும் ஸ்னேர்காரரின் கால்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். ஒளிக்குத் தாமதம் இல்லை.

இரண்டாவது சிக்கல் சுருதி. காற்று சூடாக இருந்தால் அதில் ஒலி வேகமாகப் போகும். பித்தளைக் குழாயின் சுருதியும் ஏறும். அரைச்சுரத்தை 100 சென்டாகப் பிரித்தால், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட். மாலையில் 32 டிகிரியில் சுருதி சேர்த்த குழு, இரவு 22 டிகிரியில் மைதானத்தில் இறங்கினால் சுருதி 30 சென்ட் வரை இறங்கப் பார்க்கும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். முன்வரிசையில் இருக்கும் சிந்தசைசருக்கோ குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதோடு முடியவில்லை. ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு. சுத்தமான காந்தாரம் ஷட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் அமையும். பியானோவின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் கூடுதல். ஷட்ஜத்தை 233 ஹெர்ட்ஸில் வைத்து, காந்தாரத்தைப் பியானோ அளவிலேயே ஊதினால், இரண்டோடும் கூடவே ஒலிக்கும் மேற்சுரங்கள் உரசி விநாடிக்கு 9 முறை விம்மும். காந்தாரம் ஊதுபவர்கள் உதட்டாலேயே அதைச் சற்று இறக்கும்போது விம்மல் அடங்கிக் கார்டு ஒரே ஒலியாகக் கெட்டிப்படும். நிமிடத்துக்கு 180 அடி நடந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது விஷயம் நாதத்தின் நிறம். ஃபாண்டம் ரெஜிமெண்ட் அடர்ந்த, கனத்த ஒலிக்குப் பேர்போனது. புளூ டெவில்ஸ் ஜாஸ் சாயலில் பளிச்சென்ற ஒலிக்கு. இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? பலமாக ஊதும்போது குழாய்க்குள் அழுத்தம் கூடிய பகுதியில் காற்று சூடாகிறது, முன்னோக்கியும் தள்ளப்படுகிறது. அதனால் அலையின் முகடு பள்ளத்தைவிட வேகமாக ஓடி, அலையின் முகப்பு செங்குத்தாகிறது. செங்குத்தான அலையில் உயர்ந்த மேற்சுரங்கள் நிறைய இருக்கும்; நம் காதுக்கு அதுதான் பித்தளையின் கணீர் ஒலி. டிரோம்போனில் இது அதிர்ச்சி அலை அளவுக்கே போகும் என்று ஹிர்ஷ்பெர்க் குழுவினர் 1996-இல் ஆய்ந்து வெளியிட்டார்கள். கணிசமான தூரம் ஒரே அகலமாக நீளும் டிரம்பெட் குழாயில் இந்த விளைவு அதிகம். அடியிலிருந்தே விரிந்துகொண்டு போகும் யூஃபோனியத்தில் குறைவு. ஆகவே எத்தனை டிரம்பெட், எத்தனை யூஃபோனியம், எவ்வளவு பலத்தில் என்பதிலேயே குழுவின் நிறம் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

உயர்ந்த மேற்சுரங்கள் வாத்தியத்தின் வாய் பார்த்த திசையில்தான் போகும். பின்னோக்கிப் பார்க்கும் பிரெஞ்சு ஹார்னுக்குப் பதில் முன்னோக்கிய மெல்லோபோனும், தோளில் சாய்த்து வைக்கும் டியூபாவும் இங்கே இடம்பிடித்தது அதனால்தான். 1999-ஆம் ஆண்டு வரை இவை ஜி சுருதிப் பியூகிள்களாக இருந்தன. பிறகு எந்தச் சுருதியும் அனுமதிக்கப்பட்டது. பழைய ஒலியின் முரட்டுத்தனமே தனி என்போர் இன்றும் உண்டு.

இரண்டு குழுக்களை ஒப்பிட விரும்புபவர் பதிவுகளை மட்டும் நம்ப வேண்டாம். மைக் வைத்த இடத்தைப் பொறுத்து நேரமும் நிறமும் மாறிவிடும். உரத்த உச்சத்தை வைத்தும் முடிவுகட்ட வேண்டாம். பலத்த ஊதலில் பொங்கும் மேற்சுரங்கள் சிறு பிசகுகளை மூடிவிடும். மைதானத்தின் பின்கோட்டில் பரவி நின்று, மெல்லிய கார்டு ஒன்றைப் பிடிக்கும் இடத்தைக் கேளுங்கள். அங்கே அலை செங்குத்தாவதில்லை; ஒளிந்துகொள்ளக் கணீர் ஒலியும் இல்லை. விம்மல் இருந்தால் தெரிந்துவிடும். ஒருவர் பிந்தினாலும் தெரிந்துவிடும். அந்த இடத்தில் கலையாத குழுதான் உரக்க வாசிக்கும்போதும் பெரிதாகக் கேட்கும்.