யமஹா ஆர்.எக்ஸ். 100: நூறு சி.சி.யில் பதினோரு குதிரைத்திறன்

யமஹா ஆர்.எக்ஸ். 100 இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். ஜப்பானிய யமஹாவின் தொழில்நுட்பத்தைக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 நவம்பரில் இதை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தயாரிப்பு 1996இல் நின்றது. ஓசூரில் தயாரான இன்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100, ஆர்.எக்ஸ். 100 வந்ததற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்ததும் 1985இல்தான். அப்போது பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் ஜப்பானின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தால்தான் உண்டு. ஜப்பானிய வேகம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது இரண்டு சக்கரத்தில்தான்.

என்ஜின் ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் நீளமும் தலா 50 மி.மீ.; கொள்ளளவு 98 சி.சி. நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில் 11 குதிரைத்திறன் கிடைக்கும். ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள, நான்கு ஸ்ட்ரோக் வண்டியான சி.டி. 100 கொடுத்தது ஏழரை. காரணம், நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடிக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். அப்படியானால் திறன் இரு மடங்காக அல்லவா இருக்க வேண்டும்? இருக்காது. புகை வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதிய கலவையும் உள்ளே வருவதால், அதில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு போய்விடுகிறது.

கலவையை வீணாக்காமல் காப்பதில்தான் ஆர்.எக்ஸ். 100இன் சாமர்த்தியம் இருக்கிறது. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே ரீட் வால்வு எனப்படும் மெல்லிய தகடுகள் உண்டு. பிஸ்டன் மேலே போகும்போது உண்டாகும் உறிஞ்சலில் அவை திறக்கும். அழுத்தம் திரும்பியதும் தாமே மூடிக்கொள்ளும். உள்ளே போன கலவை கார்புரேட்டருக்குத் திரும்பி வராததால் குறைந்த வேகத்திலும் வண்டி இழுக்கும். மறுமுனையில் சைலன்சர். அதன் உட்புறம் முதலில் அகன்று பிறகு குறுகுவதால், வெளியேறும் புகையின் அழுத்த அலை குறுகலில் மோதித் திரும்பி வந்து, தப்பியோடும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. அந்த அலை நேரத்துக்கு வந்து சேர்வது குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே. திராட்டிலை முறுக்கியதும் கொஞ்சம் தயங்கி, பிறகு வண்டி திடீரெனப் பாய்வதன் காரணம் இதுதான். சத்தத்துக்காகச் சைலன்சரின் உள்குழாயைக் கழற்றுகிறவர்களுக்கு மிஞ்சுவது சத்தம்தான். இழுவை பெரும்பாலும் குறையவே செய்யும்.

வண்டியின் எடை சுமார் 103 கிலோ. ஒரு குதிரைத்திறன் சுமப்பது ஒன்பதரை கிலோவுக்கும் குறைவு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகும் அரியலூர்ச் சாலைகளில் ஒன்றை முந்த, மூன்றாவது கியரில் கிடைக்கும் பிக்கப் எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை. கியர் மொத்தம் நான்கு. கிளப்ப கிக்கர் மட்டுமே. பிரேக் முன்னும் பின்னும் 130 மி.மீ. டிரம். என்ஜின் தரும் வேகத்துக்கு அது ஈடாகாது. வண்டியின் உண்மையான குறை இதுவே.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கான டூ-டி ஆயிலுக்குத் தனித் தொட்டி உண்டு. வேகத்துக்கு ஏற்ற அளவு ஆயிலை ஒரு சிறு பம்ப் என்ஜினுக்கு அனுப்பும். பம்ப்பை நம்பாமல் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றியவர்களும் உண்டு. எரிந்த ஆயில் சைலன்சரிலும் பிஸ்டன் தலையிலும் கரியாகப் படியும். அவ்வப்போது கழற்றிக் கரி நீக்காவிட்டால் இழுவை போய்விடும். சிலிண்டர் தேய்ந்தால் அதன் உட்சுவரைக் கடைந்து (போர் போட்டு) ஓர் அளவு பெரிய பிஸ்டன் மாற்றுவார்கள்.

எரியாத பெட்ரோலும் ஆயில் புகையும் சேர்ந்தே இதன் முடிவுக்கும் வழி செய்தன. 1996இல் புகை விதிகள் இறுகின. ஆர்.எக்ஸ்.ஜி.யும் ஆர்.எக்ஸ். 135உம் அந்த இடத்துக்கு வந்தன. இன்று ஓடும் எல்லா ஆர்.எக்ஸ். 100க்கும் பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வாங்க நினைப்பவர் பெயின்ட்டின் பளபளப்பை விட்டுவிட்டு, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.