ஜி. லட்சுமணன், நெடுந்தூர ஓட்டக்காரர்

புதுக்கோட்டைச் சீமைக்காரர், ராணுவ வீரர். 2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். அடுத்த மாதம் லண்டன் உலகப் போட்டியில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 35.69 விநாடியில் ஓடினார். அதுவரை அவர் ஓடியதில் அதுவே வேகம். ஆனாலும் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை.

2018 ஆகஸ்ட் 26, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 10,000 மீட்டர் என்றால் 25 சுற்று. 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார். ஓட்டத்தின் நடுவே அவர் கால் தடத்தின் உள்விளிம்பைத் தாண்டியதென்று நடுவர்கள் தகுதிநீக்கம் செய்தனர்; வெண்கலம் அடுத்து வந்த சீன வீரருக்குப் போனது. உள்ளே மிதித்தால் ஓடும் தூரம் குறையும் என்பதால்தான் இந்த விதி. ஒரு காலடியில் எத்தனை அங்குலம் குறைந்திருக்கும்? அன்றைய விதி அதைக் கேட்கவில்லை.