காட்டு ஊற்றடியில் ஓரிரவு

ஆனி மாதம் பிறந்தால் மட்டக்களப்பு வாவியோரக் கிராமங்களில் கதிர்காமப் பேச்சுத்தான். மண்டூர் முருகன் கோயிலைச் 'சின்னக் கதிர்காமம்' என்று கும்பிடும் நம்மவர்கள், பெரிய கதிர்காமத்திற்கு நடந்தே போகிறார்கள். திருக்கோவில், பொத்துவில், பாணமை கடந்து உகந்தை முருகன் கோயிலுக்கு வந்துவிட்டால், அதற்கப்பால் ஊர்மனை இல்லை. குமண, யால தேசிய பூங்காக்களின் காடுதான். அதைக் கடக்க நான்கைந்து நாட்களாகும்.

காட்டில் இரவு எங்கே தங்குவது என்பதைத் தண்ணீரே தீர்மானிக்கிறது. கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று தங்குமிடங்கள் உண்டு. கோடையில் ஆறு வற்றிய இடத்தில் மணலைத் தோண்டினால் ஊற்றுக் கிடைக்கும். முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துவிட்டு, தெளிந்த பின் சிரட்டையால் அள்ளுவார்கள். மணல் நீரைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. ஆகவே நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கட்டாயம். மலசலம் கழிக்க ஊற்றிலிருந்து நெடுந்தூரம் விலகிப் போக வேண்டும். யானை, கரடி உலவும் காடு என்பதால் எவரும் தனியே போவதில்லை. இரவில் எல்லோரும் ஒன்றாகப் படுக்க, சிலர் விழித்திருப்பார்கள்.

அப்போது கிழக்கு யால எனப்பட்ட குமண பூங்கா, யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. பாதயாத்திரையும் பல ஆண்டுகள் தடைப்பட்டது. இன்று நடப்பவர்களில் காணாமல் போன மகனுக்காக நேர்த்தி வைத்த தாய்மாரும், கணவனை இழந்த பெண்களும் இருக்கிறார்கள்.

யாத்திரையில் எல்லோருக்கும் ஒரே பெயர், 'சாமி'. "சாமி, தண்ணி தாங்க" என்றுதான் கேட்பார்கள். பொட்டு இருக்கிறதா, தாலி இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் பின்னால் ஒதுங்கி நிற்கும் பெண், இங்கே முன்னால் இருந்து ஊற்றுத் தோண்டுகிறாள். அவள் அள்ளித் தரும் தண்ணீரை எல்லோரும் வாங்கிக் குடிக்கிறார்கள்.

சகோதரிகளே, யாத்திரை முடிந்து வீடு திரும்பியதும் அதே பெண்ணை மீண்டும் ஒதுக்கி வைப்பது என்ன நியாயம்? காட்டில் நாலு நாள் முடிந்தது, ஊரில் ஏன் முடியாது? அடுத்த கல்யாண வீட்டில் அவளைக் கைபிடித்து முன்னால் அழைத்து வருவோம்.