முதியோர் இல்லத்தில் ஓர் இசையரங்கு

ஒக்டோபர் முதலாம் நாள் நம் நாட்டில் சிறுவர் தினமாகவும் முதியோர் தினமாகவும் கொண்டாடப்படுகின்றது. சென்ற ஆண்டு அந்நாளில் எம் மாணவரை முதியோர் இல்லமொன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மாணவர் தேவாரம் பாடினர், கோலாட்டம் ஆடினர், உணவுப் பொதிகளை வழங்கினர். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தொடையிலே தாளமிட்டுக்கொண்டிருந்தார். பாட்டில் ஓரிடத்தே தாளம் தப்பியபோது அவர் விரலும் நின்றது. அவர் நாற்பது ஆண்டுகள் தவில் வாசித்தவர் என்பதைப் புறப்படும் வேளையிலேதான் அறிந்தோம். "ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், ஐயா" என்று அவரை எவரும் கேட்டதில்லை, யாமும் கேட்டிலோம். கொடுத்து வந்தோம் என்னும் நிறைவோடு வண்டியேறிய எமக்கு, பெறாது வந்தோம் என்னும் குறை பின்னரே தோன்றியது.

அக்குறையை எண்ணுந்தோறும் இத்தாலி நாட்டின் மிலான் நகரிலுள்ள ஓர் இல்லம் எம் நினைவில் எழுகின்றது. மேனாட்டு இசை நாடகத்துறையில் பெரும்புகழ் படைத்த யூசேப்பே வெர்டி என்பார் கட்டுவித்த இல்லம் அது. தம்மைப் போலவே இசைக்கு உழைத்தும், ஊழால் நலிந்தோ பொருளைச் சேர்த்துவைக்கத் தெரியாதோ முதுமையில் வறுமையுற்ற பாடகரையும் கருவியிசையாளரையும் வெர்டி கண்டார். அவர்களுக்கென 1889 ஆம் ஆண்டில் நிலம் வாங்கினார். கமிலோ பொய்தோ என்னும் கட்டடக்கலைஞர் இல்லத்தை அமைத்தார். வெர்டியின் இறுதி நாடகங்களாகிய ஒதெல்லோ, பால்ஸ்தாப் ஆகிய இரண்டுக்கும் உரையும் பாடலும் யாத்த அரிகோ பொய்தோவின் தமையனார் இவர். 1899 இல் கட்டடம் நிறைவெய்தியது.

ஆயினும், தாம் உயிரோடிருக்கும்வரை அதனைத் திறத்தலாகாது என வெர்டி விதித்தார். நன்றி கூறுவோர் தம் முன்னே வந்து நிற்பதை அவர் விரும்பவில்லை. 1901 ஜனவரி 27 இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில், அவர் பிறந்தநாளாகப் போற்றப்படும் ஒக்டோபர் 10 இல் இல்லத்தின் கதவு திறந்தது. தம் நாடகங்களால் வரும் உரிமைப் பணத்தை அவர் இல்லத்துக்கே எழுதிவைத்திருந்தார். தம் ஆக்கங்கள் அனைத்தினும் தமக்கு உவந்தது இவ்வில்லமே என அவர் கருதினார் என்பர். அவரும் மனைவியாரும் இன்று துயில்வது அவ்வில்லத்து நிலவறையிலேதான். அவர் உடலை அங்குக் கொணர்ந்த நாளில், தொஸ்கானினி நெறிப்படுத்த, நூற்றுக்கணக்கான பாடகர் நபுக்கோ நாடகத்தின் குழுப்பாடலைப் பாடினர்.

அங்கு வாழ்வோரை வெர்டி ஏழைகள் என்றோ, ஆதரவற்றோர் என்றோ கூறவில்லை, விருந்தினர் என்றார். ஆயினும் அவ்விருந்தினர் தாமே விருந்தோம்புவாராயும் விளங்குவதுதான் அவ்வில்லத்தின் சிறப்பு. அங்கே இசையரங்க மண்டபமொன்று உண்டு. அதில் நடைபெறும் கச்சேரிகளுக்கு நகரத்தவர் வந்து அமர்கின்றனர். இல்லத்தின் முதியோர் கேட்போராயும், இயன்றபோது பாடுவோராயும் இருக்கின்றனர். 1990களின் இறுதியிலிருந்து இளம் இசை மாணவரும் அவ்வில்லத்திலேயே தங்கிப் பயில்கின்றனர். உணவறையில் அருகமர்ந்து உண்ணும் மூதாட்டி பேரரங்குகளிற் பாடியவராயிருக்கலாம். அவர் சொல்லும் ஒரு திருத்தம் மாணவனுக்கு எந்த நூலிலும் கிடையாத பாடமாகும்.

இவ்வில்லத்து வாழ்வைச் சுவிற்சர்லாந்து நாட்டு நெறியாளர் தானியல் சிமித் 1984 இல் திரைப்படமாக்கினார். 'தொஸ்காவின் முத்தம்' என்பது அதன் பெயர். சாரா சுகுதேரி என்னும் முதிய பாடகியார், தாம் இளமையிற் பாடிய இசைத்தட்டைக் கேட்டவாறே தாமும் உடன் பாடும் காட்சியொன்று அதில் உண்டு. குரல் தளர்ந்திருக்கின்றது, கலை தளரவில்லை. இதனைப் பார்த்து உள்ளம் நெகிழ்ந்த ரொனால்ட் ஹார்வுட் என்னும் ஆங்கில நாடகாசிரியர், முதிய பாடகர் வாழும் இல்லமொன்றைக் களமாகக் கொண்டு 1999 இல் 'குவார்ட்டெட்' என்னும் நாடகத்தை இயற்றினார். வெர்டியின் பிறந்தநாளில் அம்முதியோர் நிகழ்த்தும் கச்சேரியே அந்நாடகத்தின் உயிர்நிலை. அது 2012 இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்பார் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019 இல் வெளியிட்ட அறிக்கை, மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நோயைத் தடுப்பதிலும், நலத்தைப் பேணுவதிலும், நோயுற்றாரைத் தாங்குவதிலும் கலைகளுக்குப் பங்குண்டு எனக் காட்டியது. பாடும்போது மூச்சு பயிற்சி பெறுகின்றது. பாடம் நினைவைத் தூண்டுகின்றது. கூடிப் பாடுதல் தனிமையைப் போக்குகின்றது. கலை முதுமையை மாற்றுவதன்று. முதுமையைத் தாங்கும் வலிமையைத் தருவது.

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். ஆண்டு பலவாகியும் நரையின்றி இருப்பது எங்ஙனம் என வினாவியோர்க்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றில் 191 ஆம் பாட்டாக உள்ளது. மனைவியும் மக்களும் நற்பண்பினர் என்றார். ஏவலர் குறிப்பறிவர் என்றார். அரசன் முறை செய்கின்றான் என்றார். இவற்றின் மேலாகத் தாம் வாழும் ஊரிலே சான்றோர் பலர் உளர் என்றார். மருந்தை அவர் கூறவில்லை. சுற்றத்தையும் ஊரையுமே கூறினார். ஊரிலிருந்து பிரிக்கப்பட்ட முதியவர்க்கு வேளை தவறாது உணவளிப்பினும் அவ்வொன்று குறைவுபடும். இல்லத்துக்குள் வந்தவர் ஊருக்குச் செல்ல இயலாதெனின், ஊர் இல்லத்துக்குச் செல்லல் வேண்டும். கொடுப்பதற்கு மட்டுமன்று, கேட்பதற்கும் செல்லல் வேண்டும்.

நம் முதியோர் இல்லங்களில் பெற்றோரின் நினைவு நாளிலே ஒரு வேளை உணவு கொடுக்கும் வழக்கம் உண்டு. அது நல்வழக்கமே, நிலைபெறுக. ஆனால் அங்கு உண்போருள் கூத்தாடிய அண்ணாவிமார் இருக்கலாம். புராணத்துக்குப் பயன் சொன்னவர் இருக்கலாம். நாற்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த ஆசிரியரும் இருக்கலாம். மாதத்தில் ஒரு மாலை அவர்கள் அரங்கேறவும் ஊரவர் வந்து கேட்கவும் பெருஞ்செலவு வேண்டா. ஒரு முற்றமும், சில பாய்களும், கேட்கும் மனமும் போதும்.

எம் கல்லூரியில் ஒரு தவில் உண்டு. வரும் ஒக்டோபரில் உணவுப் பொதிகளோடு அதனையும் எடுத்துச் செல்ல எண்ணியுள்ளோம். இம்முறை முன்வரிசையில் மாணவர் அமர்வர்.