கைவினை டெடி கரடி: செய்முறையும் பழுதுநீக்கமும்

கைவினை டெடி கரடி என்பது மயிர்த்துணியை வெட்டித் தைத்து, உள்ளே பஞ்சு முதலியவற்றை அடைத்து, கழுத்தும் கைகால்களும் திரும்பும்படி மூட்டு வைத்துச் செய்யப்படும் கரடி பொம்மை ஆகும். தலைக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு என மொத்தம் ஐந்து மூட்டுகள் இதில் உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மென்பொம்மைகளில் பெரும்பாலும் மூட்டுகள் இருப்பதில்லை. கைவினைக் கரடியைத் தையல் பிரித்து, பழுது பார்த்து, மீண்டும் மூடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் தைத்த கரடிகள் சில இன்றும் நல்ல நிலையில் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தோற்றம்

1902 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றார். அவருக்கு வேட்டை எதுவும் கிடைக்காததால், வழிகாட்டியாக வந்த ஹோல்ட் காலியர் ஒரு கரடியை அடித்துப் பிடித்து மரத்தில் கட்டிவைத்தார். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது முறையல்ல என்று ரூசவெல்ட் மறுத்துவிட்டார். இந்நிகழ்ச்சியைக் கிளிஃபோர்ட் பெரிமன் வரைந்த கேலிச்சித்திரம் நவம்பர் 16 அன்று வாஷிங்டன் போஸ்ட் இதழில் வெளிவந்தது. காயம்பட்டிருந்த அந்தக் கரடி பின்னர் ரூசவெல்ட்டின் சொற்படியே கொல்லப்பட்டது என்பதைக் குழந்தைகளுக்கான நூல்கள் பல சொல்வதில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டமும் அவர் மனைவி ரோஸும் ஒரு கரடி பொம்மையைத் தைத்து, ரூசவெல்ட்டின் செல்லப்பெயரான 'டெடி'யை அதற்குச் சூட்டினர்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் கீங்கன் நகரில் மார்கரெட் ஸ்டைஃப் நடத்திவந்த பொம்மைத் தொழிலகத்தில், அவருடைய உடன்பிறந்தார் மகன் ரிச்சர்ட் ஸ்டைஃப் கைகால் அசையும் கரடி ஒன்றை வடிவமைத்தார். அதன் பெயர் '55 பிபி'. 55 என்பது சென்டிமீட்டரில் உயரம். மற்ற இரு எழுத்துகளும் 'மயிர்த்துணி', 'அசையக்கூடியது' எனப் பொருள்படும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். 1903 லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வணிகர் இவற்றில் 3,000 கரடிகளுக்கு ஆணை கொடுத்தார். சிறுவயதில் போலியோவால் கால்கள் செயலிழந்து, வலக்கையும் வலுக்குன்றிய நிலையில் தையல் கற்றவர் மார்கரெட் என்பது இங்கே நினைக்கத்தக்கது. இக்கரடியில் புதுமையாக இருந்தது மூட்டு. 

பொருட்கள்

மரபான கரடிகளுக்கு ஏற்ற துணி மொஹேர். இது அங்கோரா ஆட்டின் மயிரைப் பருத்தி அடித்துணியில் இணைத்து நெய்யப்படுவது. அங்கோரா முயலின் மயிரும் இதுவும் ஒன்றல்ல. மாணவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வது வழக்கம். மயிரின் நீளம் 6 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டர் வரை பலவகைப்படும். முதன்முதலாகச் செய்பவர்கள் 10 மில்லிமீட்டர் அளவிலான மயிரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மிகக் குட்டையான மயிர் தையல் பிழைகளை மறைக்காது. மிக நீண்ட மயிர் முகத்தையே மறைத்துவிடும். மொஹேர் விலை கூடுதலானது. பழகுவதற்குச் செயற்கை மயிர்த்துணி போதும். ஆனால் இழுத்தால் நீளும் பின்னல் அடித்துணி உள்ளதைத் தவிர்க்க வேண்டும். பஞ்சு அடைக்கும்போது அது கண்டபடி உப்பி, கரடியின் முகம் பூசணிக்காய் போலாகிவிடும்.

உள்ளே அடைக்கும் பொருள் காலந்தோறும் மாறி வந்துள்ளது. தொடக்கக் காலக் கரடிகளில் மரச்சீவல் இழை அடைக்கப்பட்டது. அதனால்தான் பழைய கரடியை அழுத்தினால் சரசரவென்று ஒலி கேட்கும். பின்னர் இங்கிலாந்தில் இலவம்பஞ்சு பரவலாயிற்று. தமிழ்நாட்டில் தலையணைக்கும் மெத்தைக்கும் பயன்படும் அதே பஞ்சுதான் இது. எடை குறைவு, நீரில் எளிதில் நனையாது. ஆனால் நாளடைவில் பொடியாகி அடியில் தங்கும். இப்போது பெரும்பாலோர் பாலியெஸ்டர் பஞ்சு பயன்படுத்துகின்றனர். கரடி உட்காரும்போது கனமாக இருக்க, வயிற்றில் சிறு துணிப்பையில் கண்ணாடி மணிகளோ எஃகுக் குண்டுகளோ வைப்பதும் உண்டு.

ஒவ்வொரு மூட்டுக்கும் ஹார்டுபோர்டு வட்டத்தட்டு இரண்டு, உலோக வாஷர் இரண்டு, காட்டர் பின் ஒன்று தேவை. சிலர் காட்டர் பின்னுக்குப் பதிலாக நட்டும் போல்ட்டும் வைக்கின்றனர். இவை தவிர வலுவான நூல், நீண்ட ஊசி, கூர்முனைக் கத்தரி, மூக்குக் குறடு, உள்ளங்கை உள்ளங்காலுக்கு ஃபெல்ட் துணி, மூக்குத் தையலுக்குத் தடித்த பருத்தி நூல் ஆகியவையும் வேண்டும். 35 சென்டிமீட்டர் உயரக் கரடிக்கு 140 சென்டிமீட்டர் அகலத் துணியில் கால் மீட்டர் ஏறக்குறைய போதுமானது.

வெட்டுதலும் தைத்தலும்

பேட்டர்ன் எனப்படும் வெட்டு அட்டைகளைத் துணியின் பின்பக்கத்தில் வைத்து வரைய வேண்டும். அதற்கு முன் மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று கையால் தடவிப் பார்த்து அம்புக்குறி இட்டுக்கொள்ள வேண்டும். தலையிலிருந்து காலை நோக்கி மயிர் படிவதே இயல்பு. இடப்பக்கத்துக்கு வரைந்த அட்டையை வலப்பக்கத்துக்குக் கவிழ்த்து வைத்து வரைய வேண்டும். இதை மறப்பவர்களுக்கு இரண்டு இடக்கைகள் கிடைக்கும், துணியும் வீணாகும்.

வெட்டும்போது கத்தரியின் நுனியால் அடித்துணியை மட்டும் சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். கத்தரியை முழுதாக விரித்து வெட்டினால் மயிரும் சேர்ந்து அறுபட்டு, தையல் ஓரம் வழுக்கையாகத் தெரியும். தையலுக்காக 6 மில்லிமீட்டர் ஓரம் விடுவது வழக்கம். கையால் தைப்பவர்கள் பின்தையலையே நெருக்கமாகப் போட வேண்டும். ஓட்டத் தையல் போதாது; பஞ்சை இறுக்கி அடைக்கும்போது இடைவெளி விட்டுப் பல் இளிக்கும். தையலில் சிக்கிய மயிரைப் பின்னர் ஊசி முனையால் வெளியே எடுத்துவிட்டால் தையல் இருக்கும் இடமே தெரியாது.

தலை மூன்று துண்டுகளால் ஆனது: இரு பக்கங்கள், மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை செல்லும் நெற்றிப்பட்டை ஒன்று. முழு வேலையிலும் கடினமான பகுதி இந்தப் பட்டையை இணைப்பதுதான். மூக்கின் நடுப்புள்ளியை முதலில் பொருத்தி, அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழுத்தை நோக்கித் தைத்து வர வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் முகம் கோணிக்கொள்ளும். ஆகவே முதலில் நூலோட்டிப் பார்த்து, சரி என்று கண்ட பிறகே நிலையான தையல் போட வேண்டும்.

அடைத்தலும் மூட்டு வைத்தலும்

பஞ்சைப் பெரிய உருண்டையாகத் திணிக்கக் கூடாது. நெல்லிக்காய் அளவில் பிய்த்து, மூக்கு நுனி, பாத நுனி போன்ற கடைசி மூலைகளிலிருந்து தொடங்கி, குச்சியால் அழுத்தி நிரப்ப வேண்டும். மூக்குப் பகுதி கல்போல் இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் மேல் போடும் தையல் குழிந்துவிடும்.

மூட்டு அமைப்பு எளிது. காட்டர் பின்னில் வாஷர், தட்டு ஆகியவற்றைக் கோத்து, கையின் உட்புறத்திலிருந்து பின்னின் கால்கள் வெளியே நீட்டும்படி வைக்க வேண்டும். அதை உடலில் இட்ட சிறு துளை வழியே செலுத்தி, உடலின் உள்ளே மற்றொரு தட்டும் வாஷரும் மாட்டி, பின்னின் இரு கால்களையும் குறடால் வெளிப்புறமாகச் சுருட்டி இறுக்க வேண்டும். திருப்பச் சற்றுக் கடினமாக இருந்தால்தான் சரி. பஞ்சு படியப் படிய மூட்டு தளரும். முதல்நாளே எளிதாகச் சுழன்றால் ஓராண்டில் கை தொங்கிவிடும். எல்லா மூட்டுகளும் முடிந்த பிறகு உடலை அடைத்து, முதுகைத் திறந்த இடத்தில் ஏணித் தையலால் மூடுவர். இரு ஓரங்களிலும் மாறி மாறி ஊசியை எடுத்துச் சென்று நூலை இழுத்தால், ஏணிப்படி போன்ற தையல் உள்ளே மறைந்துவிடும்.

முகம்

ஒரே அட்டையில் வெட்டிய பத்துக் கரடிகளுக்குப் பத்து முகங்கள் அமைவதுண்டு. கண்கள் சற்றுத் தாழ்ந்தால் குழந்தை முகம். உயர்ந்தால் முதியவர் முகம். ஆகவே கண்ணைத் தைக்கும் முன் கருந்தலைக் குண்டூசிகளைக் குத்தி, தூர நின்று பார்த்து, இடத்தை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டும். காதுகளையும் இப்படியே பொருத்திப் பார்ப்பது நல்லது. இந்த வேலைக்கு அரைநாள் செலவழித்தாலும் தகும்.

கண்ணாடிக் கண்ணின் பின்புறக் கம்பி வளையத்தில் இரட்டை நூல் கட்டி, நீண்ட ஊசியால் தலைக்குள் செலுத்திப் பிடரியில் எடுத்து, நன்றாக இழுத்து முடிச்சிட வேண்டும். கண் சிறிது உள்ளே அமிழும்போதுதான் முகத்துக்கு உயிர் வரும். ஆனால் கண்ணாடிக் கண், பொத்தான் கண், சிறு மணிகள் ஆகியவை குழந்தைகள் விளையாடும் கரடிக்கு உதவா. கழன்று வந்த கண் கைக்குழந்தையின் தொண்டையில் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும் கரடிக்குக் கண்ணை நூலால் தைத்துவிடுவதே பாதுகாப்பு. பின்புறம் வளையத்தால் பூட்டும் பிளாஸ்டிக் கண்களும் உண்டு. அவற்றை அழுத்தமான துணியில், பஞ்சு அடைப்பதற்கு முன்பே பொருத்த வேண்டும். ஐரோப்பாவில் விற்பனைக்கு வரும் பொம்மைகளின் பாதுகாப்பை 'இஎன் 71' என்னும் தரநிலை வரையறுக்கிறது. சேகரிப்போருக்காகச் செய்யும் கைவினைஞர்கள் 'இது விளையாட்டுப் பொம்மை அன்று' என்று சீட்டுக் கட்டி விற்பதன் காரணம் இதுவே.

பழைய கரடியைப் பழுது பார்த்தல்

பழுது பார்ப்பவர் முதலில் அறிய வேண்டியது, கரடி யாருக்காகச் சரிசெய்யப்படுகிறது என்பது. ஒரு பாட்டி தன் பேத்திக்குக் கொடுக்க விரும்பும் கரடிக்கு வலுவான தையலும் பாதுகாப்பான கண்ணும் தேவை. அரிய பழங்கரடிக்கு எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. 1904ஆம் ஆண்டைச் சேர்ந்த 'டெடி கேர்ள்' என்னும் ஸ்டைஃப் கரடி, 1994 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1,10,000 பவுண்டுக்கு விலைபோனது. அத்தகைய கரடிக்குப் புதிய கண்ணும் புதிய பாதமும் வைத்து 'அழகுபடுத்தினால்' அதன் மதிப்பு குறையவே செய்யும். காதிலுள்ள உலோகப் பொத்தான், கிழிந்த துணிச்சீட்டு போன்றவற்றை ஒருபோதும் அகற்றக் கூடாது. கரடியின் வயதையும் ஊரையும் சொல்லும் சான்றுகள் அவை.

விலைமதிப்பில்லாத சாதாரணக் கரடியிலும் இதே கவனம் வேண்டும். சப்பையான மூக்கு, ஒரு பக்கம் சாய்ந்த தலை, குழந்தை கடித்துக் கடித்து மயிர் போன காது: இவை வெளியாருக்குக் குறை, சொந்தக்காரருக்கு அடையாளம். அனைத்தையும் புதிதாக்கித் திருப்பிக் கொடுத்தபோது, 'இது என் கரடி இல்லை' என்று குழந்தை அழுவதுண்டு. எதை மாற்றலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வதும், வேலைக்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைப்பதும் இதனால்தான் அவசியம்.

அந்துப்பூச்சி அரித்த தடம் இருந்தால் மற்ற வேலைக்கு முன் அதைக் கவனிக்க வேண்டும். கரடியைக் காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் இட்டு, உறைபெட்டியில் மைனஸ் 18 பாகை செல்சியசில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் மடியும். எடுத்தவுடன் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பநிலைக்கு வர ஒருநாள் விட வேண்டும். இல்லையேல் ஈரம் படியும்.

மரச்சீவல் அடைத்த கரடியை நீரில் முக்குவது மிகப் பெரிய தவறு. சீவல் ஊறி அழுகும், அட்டைத் தட்டு நைந்துபோகும், காட்டர் பின் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும். வெற்றிடத் தூசி உறிஞ்சியின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டி முதலில் தூசியை எடுக்க வேண்டும். பிறகு மென்மையான சோப்புக் கரைசலை அடித்து நுரை எழுப்பி, நுரையை மட்டும் துணியால் தொட்டு மயிரின் மேற்பரப்பைத் துடைக்கலாம். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும். மின்விசிறிக் காற்றே போதும்.

தளர்ந்த மூட்டைச் சரிசெய்ய உடலைத் திறந்தாக வேண்டும். கண்ட இடத்தில் வெட்டாமல், முன்பு கையால் மூடிய தையலைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் முதுகின் நடுவிலும், பழங்கரடிகள் சிலவற்றில் வயிற்றின் நடுவிலும் இருக்கும். அங்கே பிரித்து, பஞ்சை விலக்கி, பின்னை இறுக்கினால் போதும். தட்டு உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். வெளியே எடுத்த பழைய பஞ்சை எறியாமல் இயன்றவரை மீண்டும் உள்ளே வைப்பது நல்ல வழக்கம். குறைகிற அளவுக்கு மட்டும் புதியதைச் சேர்க்கலாம்.

தேய்ந்த ஃபெல்ட் பாதத்தைப் பிய்த்து எடுக்கத் தேவையில்லை. அதே நிறத் துணியை வெட்டிப் பழையதன் மேலேயே வைத்து ஓரத்தில் தைத்துவிட்டால், பின்னாளில் யாராவது விரும்பினால் அதைப் பிரித்துப் பழைய பாதத்தைப் பார்க்க முடியும். அடித்துணி இற்றுப்போய், தொட்டால் கிழியும் நிலையிலுள்ள கரடியே பழுது பார்ப்பவருக்குப் பெரிய சோதனை. அங்கே ஊசி போட்ட இடமெல்லாம் புதுக் கிழிசலாகும். அடியில் மெல்லிய பருத்தித் துணியைத் தாங்கலாகச் செருகி, இழுத்துக் கட்டாமல் அகலமான தையல்களால் பிடித்து வைக்கலாம். அதற்கும் தாங்காத கரடியைத் தைக்காமல், நேர் வெயில் படாத கண்ணாடிப் பெட்டியில் சாய்த்து உட்காரவைப்பதே சரி.